பற்றுச்சீட்டுக் கேட்கும் பாவனையாளரே பாதுகாப்புப் பெறுவார்

நாட்டின் பணவீக்கம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதாகப் புள்ளிவிபரங்கள் கூறுகின்றன. ஆனால், கையில் பையுடன் கடைக்குச் சென்று திரும்பும் குடும்பத் தலைவியிடம் கேட்டால் அவ்வாறு கூறமாட்டார். இவ்விரண்டில் எது உண்மை என்று வினவுவோமாயின், இரண்டும் உண்மை என்பதே விடையாகும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் உச்சத்தைத் தொட்டிருந்தது. பின்னர் அது படிப்படியாகத் தணிந்து, 2024 செப்டெம்பர் தொடக்கம் 2025 ஜூலை வரை பூச்சியத்துக்கும் கீழே சென்றது. எனினும் 2021இல் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருள் ஒரே வருடத்தில் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாவானபோது ஏற்பட்ட பள்ளம் அதன் பின்னர் நிரப்பப்படவில்லை. விலை ஏறும் வேகந்தான் குறைந்ததேயன்றி, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. தவிரவும், அந்தச் சுட்டெண் கொழும்பு நகரத்து விலைகளைக் கொண்டே கணிக்கப்படுவது. கிளிநொச்சியிலோ கல்முனையிலோ ஹற்றனிலோ ஒரு குடும்பம் செலுத்தும் விலையை அது அப்படியே பிரதிபலிக்கும் என எதிர்பார்க்கவியலாது.

இந்த நெருக்கடி எமது மக்களிடமிருந்து பறித்துச் சென்ற மற்றொன்றைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. அதுதான் விலை பற்றிய ஞாபகம். முன்னரெல்லாம் ஒரு கிலோ பருப்பு என்ன விலை, சீனி என்ன விலை என்பது வீட்டிலுள்ள சிறுவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. கடைக்காரர் ஐந்து ரூபா கூட்டிச் சொன்னால் ‘நேற்று இவ்வளவுதானே’ என்ற கேள்வி உடனே எழும். 2021இன் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறியது. 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சமையல் எரிவாயு சிலிண்டர் அவ்வாண்டு ஒக்டோபரில் 2,675 ரூபாவாகி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவை எட்டியது. வாரத்துக்கொரு விலை, சிலவேளை காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்ற நிலையில், ‘ஏன் இந்த விலை’ என்று கேட்பதே பொருளற்றதாகி, ‘பொருள் இருக்கின்றதா’ என்று கேட்பதே வழக்கமாயிற்று. வரிசைகள் மறைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால், கேள்வி கேட்காது பணத்தைக் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் மட்டும் நீடிக்கின்றது. அளவுக்கு மீறி அறவிடுவோருக்கு இதைவிட வாய்ப்பான சூழல் வேறில்லை. எல்லாப் பொருளும் விலையேறிய சந்தையில் அநியாயமாக ஏற்றப்பட்ட பத்து ரூபாவைத் தனியே பிரித்தறிவது எளிதன்று.

இந்த மேலதிக அறவீடு நிகழும் வழிகள் பலவாகும். பொதியில் அச்சிடப்பட்ட உச்சபட்ச சில்லறை விலையின் மீது புதிய விலைச்சிட்டையை ஒட்டிப் பழைய கையிருப்பைப் புதிய விலைக்கு விற்பது அவற்றுள் ஒன்று. சிறப்பங்காடிகளிலோ, இறாக்கையில் ஒரு விலை எழுதப்பட்டிருக்கக் காசாளரின் கணினி வேறொரு விலையைப் பதிவு செய்கின்றது. விலைக்கழிவு என்று பெரிய எழுத்தில் அறிவிக்கப்பட்ட பொருள் பற்றுச்சீட்டில் முழு விலையுடன் இடம்பெறுவதும் உண்டு. அண்மையில் நாம் நகரொன்றின் அங்காடியில் வாங்கிய பதினான்கு பொருட்களின் பற்றுச்சீட்டை வாசலிலேயே நின்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டு பொருட்களுக்கு இறாக்கையிலிருந்த விலையைவிடக் கூடுதலாக அறவிடப்பட்டிருந்தது. சுட்டிக்காட்டியதும் ‘கணினியில் இன்னும் மாற்றவில்லை’ எனக் கூறிப் பணத்தைத் திருப்பித் தந்தனர். அது தவறுதலாகவே இருக்கலாம். ஆயினும் எமக்கு முன்னர் அதே பொருளை வாங்கிச் சென்றவர்களின் பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது? தவறு தற்செயலானது என்றால், வாங்குபவருக்குச் சாதகமாகவும் அவ்வப்போது நிகழ வேண்டுமல்லவா?

விலையை மாற்றாமல் அளவைக் குறைப்பது மற்றொரு வழி. பிஸ்கட் பொதியும் சவர்க்காரக் கட்டியும் முன்னைய தோற்றத்திலேயே இருக்க, மூலையில் சிறிய எழுத்தில் உள்ள நிறை மாத்திரம் குறைந்திருக்கும். எடை குறைந்த பாண் பற்றிய முறைப்பாடுகள் பெருகிய பின்னரே, ஓர் இறாத்தல் பாண் 450 கிராமும் அரை இறாத்தல் 225 கிராமும் கொண்டிருக்க வேண்டுமென 2024 பெப்ரவரியில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானி மூலம் விதித்தது. முறையே 13.5 கிராமும் 9 கிராமும் குறைவதற்கு மட்டுமே அதில் இடமளிக்கப்பட்டது. ரின் மீன் வாங்குவோர் பேணியின் நிகர நிறையைப் பார்ப்பரேயன்றி, நீர் வடித்த பின் எஞ்சும் மீனின் நிறையைப் பார்ப்பதில்லை. தராசின் கதை இன்னொன்று. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுகளும் படிகளும் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உரிய திணைக்களத்தினால் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். சந்தையில் மரக்கறியோ மீனோ வாங்கும்போது அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே. கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவது, விலையை ஐந்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதற்குச் சமமாகும். ஆனால், அதை எவரும் விலையேற்றம் என்று கருதுவதில்லை.

பெரிய பொதி மலிவானது, பொதியிடப்பட்டது தரமானது என்ற எண்ணங்களும் ஆராயப்பட வேண்டியவை. 2023 நவம்பரில் சீனிக்கு உச்சபட்ச விலை விதிக்கப்பட்டபோது, பொதியிடாத வெள்ளைச் சீனி கிலோ 275 ரூபாவாகவும் பொதியிட்டது 295 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதே சீனிக்குப் பொலித்தீன் உறையின் பொருட்டு 20 ரூபா கூடுதலாகச் செலுத்த நேரும் என்பதை அரசாங்க அறிவித்தலே எடுத்துக்காட்டியது. மாதம் நான்கு கிலோ சீனி வாங்கும் குடும்பம் அந்த விலைகளின்படி உறைக்கு மட்டும் 80 ரூபா செலவிட்டிருக்கும். பொதிகளின் விலையை நேரடியாக ஒப்பிடாமல், நூறு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு ஒப்பிடுவதே சரியான முறையாகும். இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடில்லை. அதில் இந்தக் கணக்கைப் போட அரை நிமிடம் போதுமானது.

பாவனையாளரைப் பாதுகாப்பதற்குச் சட்டம் இல்லை என்று கூறுவதற்கில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் உள்ளிட்ட முன்னைய சட்டங்களுக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டது. குறிக்கப்பட்ட விலைக்கு மேல் விற்பது, விலைச்சிட்டையை மாற்றுவது அல்லது அழிப்பது, கையிருப்பை வைத்துக்கொண்டு இல்லையென மறுப்பது, பதுக்குவது ஆகியன அச்சட்டத்தின் கீழ் குற்றங்களாகும். விலைப்பட்டியலைக் கடையில் தெளிவாகக் காட்சிப்படுத்துவதும், வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவதும் வியாபாரியின் கடமைகளாகும். பெரு வணிகருக்குப் பொருட்டாகத் தோன்றாத அளவிலிருந்த தண்டப்பணம் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பன்மடங்காக்கப்பட்டது. உச்சபட்ச விலையை மீறும் தனிநபருக்கு ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபா வரையும், கம்பனிக்கு ஐந்து இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் ரூபா வரையும் தண்டம் விதிக்கலாம். 2025 ஏப்ரலில் அரை லீற்றர் குடிநீர்ப் போத்தலின் உச்சபட்ச விலை 70 ரூபாவென்றும் ஒரு லீற்றருக்கு 100 ரூபாவென்றும் அறிவிக்கப்பட்டதன் பின்னர், ஒரு போத்தலில் இருபது ரூபா கூடுதலாகப் பெறும் கம்பனி குறைந்தது ஐந்து இலட்சம் ரூபா தண்டத்தை எதிர்நோக்க நேரிடும். சட்டத்தின் பற்கள் கூர்மையாகவே உள்ளன. ஆனால், கடிப்பதற்குச் சாட்சியம் வேண்டும். அந்தச் சாட்சியம் நாம் கேட்டுப் பெறாது விட்டுவரும் பற்றுச்சீட்டேயாகும்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை நேர்மையுடன் கூறியாக வேண்டும். மேலதிக அறவீடு என்றதும் எமது பார்வை தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் மீதே விழுகின்றது. சுற்றிவளைப்புகளில் அகப்படுபவரும் பெரும்பாலும் அவரே. ஆனால், பாவனையாளரின் பணம் பெருந்தொகையாக வெளியேறும் வாசல் வேறிடத்தில் உள்ளது. 2020 ஒக்டோபரில் சீனி மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசாங்கம் கைவிட்ட வருமானம் கிலோவுக்கு 49 ரூபா 75 சதம். அந்த நிவாரணம் தேநீர்க் கோப்பை வரை வந்துசேரவில்லை என்பதே அக்காலத்தில் நாடெங்கும் எழுந்த குற்றச்சாட்டாகும். வரி குறையும்போது விலை அசைவதில்லை. வரி கூடுமென்ற செய்தி வந்த அன்றைக்கே, குறைந்த வரியில் இறக்குமதி செய்யப்பட்ட கையிருப்பும் விலையேறிவிடுகின்றது. இது ஒரு கடைக்காரரின் பேராசையால் விளைவதன்று. இறக்குமதியும் களஞ்சியமும் ஒரு சிலரின் கைகளில் குவிந்திருப்பதன் விளைவாகும்.

அரிசியின் கதை இதனை மேலும் தெளிவாக்குகின்றது. 2024 டிசெம்பரில் உள்நாட்டு நாட்டரிசியின் மொத்த விலை கிலோ 225 ரூபாவாகவும் சில்லறை விலை 230 ரூபாவாகவும் விதிக்கப்பட்டது. சம்பாவுக்கு 235, 240 ரூபா எனவும், கீரிச் சம்பாவுக்கு 255, 260 ரூபா எனவும் அறிவிக்கப்பட்டது. அதாவது, சில்லறை வியாபாரிக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாவே மிஞ்சும். ஐம்பது கிலோ மூடையொன்றில் 250 ரூபா. ஏற்றுகூலி, இறக்குகூலி, வாகனச் செலவு, சிந்திச் சிதறுவது யாவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். பொலன்னறுவையில் ஆலைக்கு அருகிலுள்ள கடைக்கும் யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள கடைக்கும் ஒரே விலைதான். தமக்கு மொத்த விலையிலேயே அரிசி கிடைப்பதில்லை, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் பணத்தைப் பெறும் மொத்த வியாபாரி அதற்குரிய பற்றுச்சீட்டைத் தருவதில்லை என்பதே அப்போது சில்லறை வியாபாரிகள் முன்வைத்த முறைப்பாடாகும். பற்றுச்சீட்டின்றி வாங்கிய கடைக்காரர் நீதிவான் முன்னிலையில் குற்றவாளியாக நிற்க, அவருக்கு விற்றவர் எவருடைய கண்ணுக்கும் தென்படாமல் தப்பிவிடுகின்றார்.

நெல்லின் கணக்கையும் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த கொள்வனவு விலை கிலோ 120 ரூபா. ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் தேவை எனக் கொண்டால், நெல்லின் பெறுமதி 180 ரூபா. சில்லறை விலையான 230 ரூபாவில் எஞ்சும் 50 ரூபாவுக்குள் உலர்த்தல், அவித்தல், குற்றுதல், போக்குவரத்து, வியாபாரிகளின் இலாபம் யாவும் வருகின்றன. தவிட்டையும் உமியையும் விற்கும் வருமானம் இதற்குப் புறம்பானது. அறுவடைக் காலத்தில் ஈரப்பதன் கூடிய நெல்லைக் களஞ்சியப்படுத்த இடமின்றியும், உரக்கடனையும் உழவுக்கடனையும் தீர்க்க வேண்டியும், வயலோரத்திலேயே குறைந்த விலைக்கு விற்கும் விவசாயியின் இழப்பு அப்படியே ஆலையின் இலாபமாகின்றது. மட்டக்களப்பு, அம்பாறை, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் விளையும் நெல்லில் கணிசமான பகுதி வெளிமாவட்ட ஆலைகளுக்குச் சென்று, மூடையில் பெயர் பொறிக்கப்பட்டு, அதே மாவட்டங்களின் கடைகளுக்குத் திரும்பி வருகின்றது. தனது வயலில் விளைந்ததை இரு தடவை போக்குவரத்துச் செலவு கொடுத்து வாங்கி உண்ணும் நிலைக்கு எமது விவசாயி தள்ளப்பட்டுள்ளார். விலைக் கட்டுப்பாடு கடையின் மேசையில் தொடங்காமல் ஆலையின் வாயிலில் தொடங்க வேண்டுமென நாம் கூறுவது இதனாலேயே.

விலைகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள் என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒரே விதமாகப் பொருந்துவதுமில்லை. ஒப்பிடுவதற்குக் குறைந்தது இரண்டு கடைகளாவது இருக்க வேண்டும். கையில் ரொக்கமும் இருக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பெருந்தோட்டத் தொழிலாளியின் குடும்பம் மாதத்தின் பெரும்பகுதியில் கடன் கொப்பியை நம்பியே அடுப்பெரிக்கின்றது. கடனுக்கு வாங்குபவர் விலை கேட்பதில்லை. கேட்டால் அடுத்த தடவை கடன் கிடைக்குமா என்ற அச்சம் அவரைத் தடுக்கின்றது. கொப்பியில் எழுதப்படுவது மொத்தத் தொகையேயன்றிக் கிலோ விலையன்று. மீனவக் கிராமங்களிலும் மீள்குடியேற்றப் பிரதேசங்களிலும் இதுவே நிலைமை. வசதி படைத்தவர் மலிவான இடத்தைத் தேடிச் சென்று வாங்க, வறியவர் அதே பொருளுக்குக் கூடிய விலை கொடுக்கும் முரண்பாடு இவ்வாறே உருவாகின்றது. இந்தக் குடும்பங்களுக்கு அறிவுரையைவிட மாற்றுக் கடையே அவசியமாகும்.

அந்த மாற்று ஒருகாலத்தில் எம்மிடம் இருந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு யாழ். குடாநாட்டில் அத்தியாவசியப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கப்பலில் வந்த அரிசியையும் மாவையும் சீனியையும் குடும்ப அட்டைக்குப் பங்கிட்டுக் கொடுத்தவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களே. அவ்வரிசைகளில் நின்ற துயரத்தை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதேவேளை, பக்கத்துக் கடையில் கறுப்புச் சந்தை விலை எகிறியபோது சங்கக் கடையின் விலை ஓர் அளவுகோலாக நின்றதையும் மறத்தலாகாது. இன்று பல சங்கங்கள் நிர்வாகச் சீர்கேட்டினாலும் முதலின்மையாலும் பெயரளவில் இயங்குகின்றன. சதொச கிளைகளோ நகரங்களைத் தாண்டிச் செல்வது குறைவு. கூட்டுறவு மாகாண சபைகளின் அதிகாரத்துக்குட்பட்ட விடயமாகும். மாகாண சபைத் தேர்தல்கள் நீண்டகாலம் பிற்போடப்பட்டதன் நட்டக் கணக்கில் இந்த வெறுமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அனர்த்த காலத்தில் இக்குறைபாடு மேலும் வெளிப்படுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி, மலையகத்தில் மண்சரிவுகளால் வீதிகள் துண்டிக்கப்பட்டபோது, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து மரக்கறி வருவது தடைப்பட்டு விலைகள் உயர்ந்தன. வரத்துக் குறைந்தால் விலை உயர்வது சந்தையின் இயல்பு. அந்தச் செய்தியைக் கேட்டவுடன் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்த பருப்புக்கும் வெங்காயத்துக்கும் விலையேற்றுவது சந்தையின் இயல்பன்று, அது அயலவரின் துன்பத்தில் இலாபம் தேடுவதாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு மக்களுக்குத் தகவல் வேண்டும். மத்திய வங்கி புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி முதலிய சந்தைகளின் விலைகளை நாளாந்த அறிக்கையாக வெளியிடுகின்றது. அதைப் போன்று வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை, ஹற்றன் சந்தைகளின் விலைகளையும் மாவட்டச் செயலகங்கள் நாள்தோறும் தமிழில் வெளியிடுமாயின், கேள்வி கேட்கும் துணிவு மக்களுக்குத் தானாகவே வரும்.

மொழியும் இங்கு ஒரு தடையாகவே உள்ளது. பொதியில் நிறையும் விலையும் காலாவதித் திகதியும் வாசிக்கத்தக்க தமிழில் இல்லாதபோது, ‘பார்த்து வாங்குங்கள்’ என்பது வெற்று வார்த்தையாகிவிடும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைப்பவர் தனது முறைப்பாட்டைத் தமிழில் கூறி, தமிழிலேயே பதிலைப் பெறக்கூடிய நிலை எந்நேரமும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளில் தமிழில் பணியாற்றக்கூடிய விசாரணை அதிகாரிகள் போதிய எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். பண்டிகைக் காலத்தில் மட்டும் சுற்றிவளைப்பு நடத்திப் படம் எடுத்துக்கொள்வதனால் ஆண்டின் ஏனைய மாதங்களில் நடைபெறுவது மாறிவிடாது.

பாவனையாளர்களாகிய எம்முடைய பங்கும் சிறியதன்று. வாங்க வேண்டியவற்றை எழுதிச் செல்வது, சென்ற மாதப் பற்றுச்சீட்டை எறியாது வைத்துப் புதியதுடன் ஒப்பிடுவது, கடையை விட்டு வெளியேறுமுன் ஒவ்வொரு வரியையும் பார்ப்பது, மிச்சக் காசுக்குப் பதிலாக நீட்டப்படும் இனிப்பை மறுத்துக் காசைக் கேட்பது போன்றவை கஞ்சத்தனமல்ல. 2025 நவம்பர் முதலாம் திகதி முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பைகளை இலவசமாக வழங்க முடியாதெனவும், அவற்றின் விலை பற்றுச்சீட்டில் குறிப்பிடப்பட வேண்டுமெனவும் விதிக்கப்பட்டுள்ளது. கேளாமலே பையொன்று கணக்கில் ஏறியிருக்கின்றதா என்பதையும் இனிக் கவனிக்கவே வேண்டும். தனியொருவர் கேட்டால் தகராறாகத் தோன்றுவது, ஊர் கூடிக் கேட்டால் ஒழுங்காகிவிடும். பாவனையாளர் அமைப்புகளை ஊக்குவிப்பதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் தத்தமது பிரதேசத்தின் பத்துப் பொருட்களின் விலையை வாரமொருமுறை அறிவித்தல் பலகையில் எழுதி வைத்தாலே போதும், பெரும் மாற்றத்தைக் காணலாம்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் கொழும்பிலும் தமிழ், முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் வர்த்தகத்தையே வாழ்வாதாரமாகக் கொண்டவர்கள். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணிச் செய்வதே நல்ல வாணிகமென வள்ளுவர் வகுத்தார். திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைப் பற்றிய எச்சரிக்கையுடனேயே ஆரம்பிக்கின்றது. நேர்மையான வியாபாரிக்குப் பாவனையாளரின் விழிப்புணர்வு ஒருபோதும் எதிரியல்ல. சரியாக நிறுத்து, சரியான விலை சொல்பவர், அவ்வாறு செய்யாத அடுத்த கடைக்காரருடன் போட்டியிட முடியாமல் நொடிந்துபோவதைத் தடுப்பதே அந்த விழிப்புணர்வுதான். எனவே, பற்றுச்சீட்டுக் கேட்பவரை முகஞ்சுளிக்காது வரவேற்பதுடன், தாமும் மொத்த வியாபாரியிடம் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவதற்கு வர்த்தக சங்கங்கள் ஒன்றிணைந்து முடிவெடுக்க வேண்டும்.

ஆலையிலிருந்து கடை வரை, கடையிலிருந்து சமையலறை வரை ஒவ்வொரு கைமாறலுக்கும் ஒரு பற்றுச்சீட்டு இருக்குமாயின், எந்த இடத்தில் விலை வீங்கியது என்பதைக் கண்டறிய எவருக்கும் நீண்டநேரம் தேவைப்படாது. அதனை மேல்மட்டத்தில் கட்டாயமாக்குவது அரசாங்கத்தின் பொறுப்பு. கீழ்மட்டத்தில் கேட்டுப் பெறுவது எமது பொறுப்பு. முதலாவது நிறைவேறும்வரை இரண்டாவதைப் பிற்போட வேண்டியதில்லை என்பதே நமது நிலைப்பாடாகும்.